போர்க்கருவிகளின் கதை – 14: வெப்பத்தை எங்கே கொட்டுவது?

பறந்துவரும் இலக்கை ஒளியால் சுட்டு வீழ்த்த முடியும் என்பது 1973-லேயே நிரூபணமாகிவிட்டது. ஆனால் அந்த ஒளியை உண்டாக்கும் கருவி படைப்பிரிவுகளின் கைக்கு வந்துசேர மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது. இடையில் கைவிடப்பட்ட திட்டங்கள் குறி தவறியதால் கைவிடப்பட்டவை என்று நினைத்துவிடக் கூடாது. சோதனைத் திடல்களில் லேசர்கள் பெரும்பாலும் சொன்னதைச் செய்துகாட்டின. அவற்றின் காலை வாரியது வெப்பம். கருவிக்குள் செலுத்தும் ஆற்றலில் ஒரு பங்குதான் ஒளியாக வெளியே போகிறது. மிச்சமெல்லாம் வெப்பமாகி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதை எங்கே கொட்டுவது என்ற சிக்கலுக்கு ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளர்களும் ஒரு விடை கண்டார்கள். ஒவ்வொரு விடையும் புதிதாக ஒரு தொல்லையைக் கூட்டிவந்தது.

சாவுக் கதிர்

வானைக் காக்கக் கதிரைப் பயன்படுத்தும் ஆசை லேசரைவிடப் பழையது. 1930-களின் பிரிட்டனில், குண்டு வீச வரும் விமானங்களைத் தடுக்க வழியே இல்லை என்ற அச்சம் பரவியிருந்தது. 'சாவுக் கதிர்' கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வருவோரின் தொல்லை தாங்காமல், 100 கஜ தூரத்திலிருந்து ஓர் ஆட்டைக் கொன்றுகாட்டுபவருக்கு 1000 பவுண்டு தருவதாக விமானத்துறை அமைச்சகம் அறிவித்தது. ஆடுகள் பிழைத்தன. 1935 தொடக்கத்தில் அமைச்சகம் இதே கேள்வியை வானொலி ஆய்வாளர் ராபர்ட் வாட்சன்-வாட்டிடம் வைத்தது. அவர் தம் உதவியாளர் ஆர்னால்டு வில்கின்ஸிடம் கணக்கைக் கொடுத்தபோது ஆயுதம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. 5 கி.மீ. தொலைவில், 1 கி.மீ. உயரத்தில் இருக்கும் 8 பைன்ட் தண்ணீரை 98 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 105 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு வானொலி ஆற்றல் வேண்டும் என்று மட்டும் கேட்டார். 98 டிகிரியில், 8 பைன்ட் அளவில், வானத்தில் இருக்கும் திரவம் விமானியின் ரத்தம்தான் என்பது வில்கின்ஸுக்குப் புரிந்துவிட்டது.

கணக்கின் விடை கைக்கெட்டாத அளவில் இருந்தது. ஆனால் விமானத்தை வீழ்த்தப் போதாத அலையும் அதன் உடலில் பட்டுத் திரும்பும், அப்படித் திரும்பினால் விமானம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று வில்கின்ஸ் சொன்னார். 1935 பிப்ரவரி 26 அன்று டேவென்ட்ரி அருகே வயல்வெளியில் அது உறுதியானது. கதிர் ஆயுதம் தேடிப் போன பிரிட்டனுக்குக் கிடைத்தது ரேடார்; ஐந்து ஆண்டு கழித்து அந்நாட்டைக் காத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

25 ஆண்டுகளுக்குப் பின், 1960 மே 16 அன்று, கலிஃபோர்னியாவின் மலிபுவில் ஹியூஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கினார். விரல் பருமனுள்ள செயற்கை மாணிக்கக் கோல் ஒன்று, அதைச் சுற்றிச் சுருளாக ஒரு ஃபிளாஷ் விளக்கு, கருவி அவ்வளவுதான். ஜூலையில் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தபோது அவர்களில் சிலருக்குச் சாவுக் கதிரைத் தவிர வேறு கேள்வி தோன்றவில்லை. மறுநாள் தலைப்புச் செய்திகளும் அதே பாணியில் வந்தன.

பத்திரிகைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. லேசர் என்ற ஒன்று பிறப்பதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் ஆராய்ச்சி முகமையான ஆர்பா அதில் பணத்தைக் கொட்டியிருந்தது. டிஆர்ஜி என்ற சிறு நிறுவனம் 3 லட்சம் டாலர் கேட்டது. ஆர்பா கொடுத்தது கிட்டத்தட்ட 10 லட்சம். பணத்தோடு ரகசிய முத்திரையும் வந்தது. அந்தத் திட்டத்துக்கு மூலமான யோசனை கோர்டன் கூல்டு என்ற இயற்பியலாளருடையது. இளமையில் அவருக்கு இடதுசாரித் தொடர்பு இருந்ததால் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டது. தம் யோசனையை வைத்துச் சக ஊழியர்கள் செய்த ஆய்வுக்குள் அவராலேயே நுழைய முடியவில்லை. ராணுவ ரகசியத்தின் வரலாற்றில் இதைவிட அபத்தமான பக்கங்கள் குறைவு.

மாணிக்கக் கோல் ஆயுதமாகவில்லை. விளக்கிலிருந்து வரும் ஆற்றலில் மிகச் சிறு பங்கே லேசராக மாறும். மற்றதெல்லாம் கோலைச் சூடாக்கும். நடுப்பகுதி கொதிக்க, மேற்பரப்பு குளிர்ந்திருக்க, கோல் விரிசல் விடும். விரிசல் விடாமல் பார்த்துக்கொண்டாலும் சீரற்ற சூட்டில் கற்றை கோணிப்போகும். கோலைத் தடிப்பாக்கினால் ஒளி கூடும்; ஆனால் உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியே வர இன்னும் நெடுந்தூரம் கடக்க வேண்டும். திடப்பொருளில் ஆயுத அளவு ஆற்றல் கிடைக்காது என்று 1960-களின் நடுவிலேயே பலர் முடிவுகட்டிவிட்டார்கள்.

வெப்பத்தை ஊதித் தள்ளிய வாயு

1964-ல் நியூஜெர்சியிலுள்ள பெல் ஆய்வகத்தில் சி. குமார் என். படேல் கரியமில வாயு லேசரை உருவாக்கினார். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்து, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். கரியமில வாயுவோடு நைட்ரஜனையும் பிறகு ஹீலியத்தையும் சேர்த்தபோது லேசரின் வலு பன்மடங்கு ஏறியது. உள்ளே செலுத்திய மின்சாரத்தில் குறிப்பிடத்தக்க பங்கு ஒளியாக மாறிய முதல் லேசர் என்றே இதைச் சொல்லலாம். இன்றும் தொழிற்சாலைகளில் அட்டையும் மரப்பலகையும் வெட்டுவது இதன் வாரிசுகள்தான். வாயு என்பதால் விரிசலுக்கு இடமில்லை. ஆனால் மூடிய குழாய்க்குள் அதுவும் சூடேறும். சூடேறினால் லேசர் நின்றுபோகும். கிலோவாட் கணக்கில் வேண்டுமென்றால் குழாயைக் கட்டட நீளத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது.

முடிச்சை அவிழ்த்தவர்கள் மாசசூசெட்ஸின் ஆவ்கோ எவரெட் ஆய்வகத்தில் இருந்த ராக்கெட் துறையினர். ஆர்தர் கான்ட்ரோவிட்ஸ் தலைமையிலான அந்த ஆய்வகம், ஏவுகணை முனை வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது உண்டாகும் வெப்பத்தை ஆராய்ந்து பெயர் பெற்றது. 1966-ல் அங்கே பிறந்த முறை இது: எரிபொருளை எரித்துச் சூடான வாயுவைச் சிறு துவாரங்கள் வழியே ஒலியைவிட வேகமாகப் பாய விட வேண்டும். வாயு சட்டென்று குளிரும். அதன் மூலக்கூறுகளில் தேங்கிய ஆற்றல் மட்டும் இறங்க நேரமில்லாமல் தங்கி நிற்கும். அந்த இடைவெளியில் இருபுறமும் கண்ணாடி வைத்து அதை ஒளியாகக் கறந்துவிடலாம். வேலை முடிந்த வாயு மிச்ச வெப்பத்தையும் சுமந்துகொண்டு வெளியே போய்விடும். வெப்பத்தைக் கொட்டும் சிக்கல் ஒரு புகைபோக்கியில் முடிந்தது. லேசரின் ஆற்றல் ஒரே தாவலில் பத்துக் கிலோவாட்டுகளைத் தாண்டியது. 1970 வரை இந்தச் செய்தி ரகசியமாகவே இருந்தது.

1973 நவம்பரில் நியூமெக்சிகோவின் கிர்ட்லண்ட் விமானப்படைத் தளத்தில், இவ்வகை லேசர் ஒன்று தொலைக்கட்டுப்பாட்டில் பறந்த சிறு ஆளில்லா விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 1976-ல் அமெரிக்கத் தரைப்படை, அலபாமாவின் ரெட்ஸ்டோன் ஆயுதச்சாலையில், கவச வண்டி ஒன்றில் பொருத்திய மின்வகைக் கரியமில வாயு லேசரால் ஆளில்லா இறக்கை விமானங்களையும் ஆளில்லாச் சிறு ஹெலிகாப்டர்களையும் வீழ்த்தியது. 1978-ல் கடற்படை ஒரு படி மேலே போய், பறந்துகொண்டிருந்த டோ ரக டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளை வேதியியல் லேசரால் அழித்தது. ஐந்தே ஆண்டுகளில் முப்படைகளும் ஆளுக்கொரு வெற்றியைப் பதிவு செய்துகொண்டன.

வெற்றிகளுக்கு அடியில் இரண்டு குறைகள் கிடந்தன. முதலாவது, கரியமில வாயு தரும் ஒளியின் அலைநீளம் 10.6 மைக்ரான். எந்தக் கற்றையும் போகப்போக விரியும். அலைநீளம் கூடக்கூட விரிவும் கூடும். 60 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடியால் 5 கி.மீ. தொலைவில் குவித்தால், வளிமண்டலம் எந்த இடையூறும் செய்யாத நிலையிலும் கரியமில வாயு லேசரின் புள்ளி 21 செ.மீ. அகலம் இருக்கும். 1 மைக்ரான் அலைநீளம் என்றால் அதே புள்ளி 2 செ.மீ.தான். பரப்பளவில் இது 100 மடங்கு வேறுபாடு. உலோகத்தை உருக்குவதற்கும் வெதுவெதுப்பாக்குவதற்கும் உள்ள வேறுபாடு.

இரண்டாவது குறை காற்றில் இருந்தது. வலுவான கற்றை தான் போகும் வழியிலுள்ள காற்றையே சூடாக்குகிறது. சூடான காற்று விலகி மெலிந்து, கற்றையைப் பரப்பிவிடும் வில்லையாக மாறிவிடுகிறது. ஆற்றலைக் கூட்டினால் காற்று இன்னும் சூடாகும், கற்றை இன்னும் பரவும். ஒரு கட்டத்துக்கு மேல் பெரிய லேசர் சிறிய லேசரைவிடக் குறைவான வெப்பத்தையே இலக்கில் இறக்கும். கருவியிலிருந்து விரட்டிய வெப்பம் இப்போது வழியில் நின்று மறித்தது.

இந்த இரு குறைகளோடும் மல்லுக்கட்டியது அமெரிக்க விமானப்படையின் பறக்கும் லேசர் ஆய்வகம். போயிங் கேசி-135 ரக விமானத்தின் முதுகில் சுழலும் கண்ணாடிக் கோபுரம், வயிற்றுக்குள் வாயு லேசர். 1981-ல் சைடுவைண்டர் ஏவுகணையை வீழ்த்தும் முதல் முயற்சி எல்லாரும் பார்த்திருக்கத் தோற்றுப்போனது. 1983-ல் கலிஃபோர்னியாவின் சைனா லேக் திடலுக்கு மேலே ஐந்து சைடுவைண்டர்களை அடுத்தடுத்து அது தடம்புரளச் செய்தது. செப்டம்பரில் ஆளில்லா விமானம் ஒன்றையும் கடலில் வீழ்த்தியது. இத்தனை சாதித்த விமானம் மறு ஆண்டே ஓய்வுபெற்று, பின்னர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இவ்வளவு பெரிய விமானம் இவ்வளவு குறுகிய தூரத்துக்குத்தான் பயன்படும் என்பதைச் சோதனையே மெய்ப்பித்துவிட்டிருந்தது.

நச்சுப் புகையும் கத்யூஷாவும்

அடுத்த விடை வேதியியலிலிருந்து வந்தது. நியூமெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் திடலில் நின்ற மிராக்கிள் லேசர், பார்வைக்கும் இயக்கத்துக்கும் ஒரு ராக்கெட் என்ஜின்தான். எத்திலீனை நைட்ரஜன் ட்ரைஃப்ளூரைடில் எரித்து, வரும் ஃப்ளூரின் அணுக்களோடு டியூட்டீரியத்தைக் கலந்தால் டியூட்டீரியம் ஃப்ளூரைடு பிறக்கும். அது பிறக்கும்போதே கிளர்ந்த நிலையில் இருப்பதால் மின்சாரமே இல்லாமல் ஒளி தரும். அலைநீளம் 4 மைக்ரானை ஒட்டியது. ஆற்றல் மெகாவாட் அளவு. 1980-ல் இயங்கத் தொடங்கிய மிராக்கிள், 1989-ல் ஒலியை விஞ்சும் வேகத்தில் வந்த வாண்டல் இலக்கு ஏவுகணையை அழித்தது.

இந்தக் காலத்தில் வாஷிங்டனின் தூக்கத்தைக் கெடுத்தது சோவியத் லேசர். நிக்கோலாய் பாசோவும் அலெக்சாண்டர் புரோகரோவும் 1964-ல் அமெரிக்கரான சார்லஸ் டவுன்ஸோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். மாஸ்கோவில் லேசருக்குப் பணமும் மதிப்பும் இருந்தது. கஜகஸ்தானின் சாரி ஷகன் திடலில் டெர்ரா-3 என்ற வளாகம் எழுந்தபோது, அது செயற்கைக்கோள்களைச் சுடும் ஆயுதம் என்று அமெரிக்க ராணுவ வெளியீடுகள் வண்ணப் படம் வரைந்து காட்டின. 1989-ல் அங்கே அழைத்துச் செல்லப்பட்ட அமெரிக்கக் குழு கண்டது ஆயுதமாகத் தேறாத குறைந்த ஆற்றல் லேசர்களை. எதிராளியின் கட்டடத்தைப் பார்த்து அதனுள் இருக்கும் கருவியை ஊகிப்பது எவ்வளவு செலவு வைக்கும் பழக்கம் என்பதற்கு இது நல்ல சான்று.

மிராக்கிளை அப்படியே போர்க்களத்துக்குத் தூக்கிச்செல்ல முடியாது. ஆனால் அதன் தம்பி ஒன்றுக்கு இஸ்ரேலின் வடக்கு எல்லையில் தேவை எழுந்தது. லெபனானிலிருந்து வந்து விழும் 122 மி.மீ. கத்யூஷா ராக்கெட்டுகளை ஏவுகணையால் தடுப்பது அன்றைய நுட்பத்தில் கட்டுப்படியாகாத கனவு. 1996 பிப்ரவரியில் மிராக்கிளைக் கொண்டு ஒயிட் சாண்ட்ஸில் பறக்கும் ராக்கெட் ஒன்று வீழ்த்தப்பட்டது. அந்த ஏப்ரலில் எல்லை மோதல் மூண்டதும் பில் கிளின்டனும் ஷிமோன் பெரெஸும் கூட்டுத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். டிஆர்டபிள்யூ நிறுவனம் கட்டிய தெல் என்ற அந்த லேசர் 2000 ஜூன் 6 அன்று, வெடிமருந்து நிரப்பிய உண்மையான கத்யூஷாவைப் பறக்கையிலேயே வெடிக்கச் செய்தது.

அந்தச் சில விநாடிகளில் நடப்பதைப் பார்த்தால் லேசர் ஆயுதத்தின் இயல்பு விளங்கும். ராக்கெட் கிளம்பியதும் ரேடார் அதைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடித் தொலைநோக்கி அந்தத் திசைக்குத் திரும்பி, அகச்சிவப்புக் கேமராவால் ராக்கெட்டின் உடலைப் பார்த்து, வெடிமுனையில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கும். ராக்கெட் சுழன்றுகொண்டும் பாய்ந்துகொண்டும் இருக்க, அந்தப் புள்ளியிலிருந்து விலகாமல் கற்றை ஒட்டிநிற்க வேண்டும். துப்பாக்கிக் குண்டைப் போலத் தொட்டவுடன் கொல்லும் வேலை இது இல்லை. எஃகு ஓடு சூடேறி, அந்தச் சூடு உள்ளே இறங்கி, வெடிமருந்து தானாகவே வெடிக்கும்வரை கற்றை காத்திருக்கிறது. ராக்கெட்டின் அழிவு அதன் சொந்த மருந்தால் நடக்கிறது. லேசர் தருவது தீக்குச்சியின் பங்கை மட்டுமே.

தெல் 28 கத்யூஷாக்களையும் 5 பீரங்கிக் குண்டுகளையும் வீழ்த்தியது. 2004-ல் மோர்ட்டார் குண்டுகளையும், தனித்தனியாகவும் சேர்ந்தாற்போல வந்தபோதும், வீழ்த்தியது. இத்தனைக்குப் பிறகும் அதைக் கிரியாத் ஷ்மோனா நகருக்கு அருகே நிறுத்த யாரும் முன்வரவில்லை. கருவி பல கொள்கலன்களை நிரப்பியது. ஒவ்வொரு சுடுதலுக்கும் ஃப்ளூரின் சேர்மங்கள் வேண்டும். அவை தீர்ந்தால் லாரியில் வர வேண்டும். வெப்பத்தைச் சுமந்து வெளியேறும் டியூட்டீரியம் ஃப்ளூரைடு மனிதர் சுவாசிக்கத் தகாத நச்சு. அதை வடிகட்டத் தனி ஆலை வேண்டும். மக்களைக் காக்க வந்த கருவியின் பக்கத்தில் மக்கள் குடியிருக்க முடியாது. 2005-ஐ ஒட்டித் திட்டம் ஓய்ந்தது. 2006 லெபனான் போரில் 34 நாள்களில் 4000 ராக்கெட்டுகள் அளவுக்கு இஸ்ரேலில் விழுந்தபோது லேசரைக் கைவிட்டது சரியா என்ற சண்டை அந்நாட்டுப் பத்திரிகைகளில் மூண்டது. 2007-ல் பாதுகாப்பு அமைச்சர் அமீர் பெரெட்ஸ் அயர்ன் டோம் ஏவுகணையைத் தேர்ந்தெடுத்தார். அன்றைக்கு இருந்த லேசரை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு.

மூக்கில் கண்ணாடி வைத்த ஜம்போ

வேதியியல் லேசரின் கடைசி, மிகப் பெரிய முயற்சி வானில் நடந்தது. 1977-ல் கிர்ட்லண்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஆக்சிஜன்-அயோடின் லேசரின் அலைநீளம் 1.3 மைக்ரான், கரியமில வாயுவின் எட்டில் ஒரு பங்கு. ஹைட்ரஜன் பெராக்சைடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, குளோரின், அயோடின் என்று ஒரு ரசாயன ஆலைக்கு வேண்டியதையெல்லாம் போயிங் 747 சரக்கு விமானத்தின் பின்பாதியில் ஆறு அலகுகளாக அடுக்கினார்கள். கற்றை விமானத்தின் நீளம் முழுக்கக் குழாயில் ஓடி, மூக்கில் இருந்த 1.5 மீட்டர் கண்ணாடி வழியே வெளியேறும். ஏவுகணை மேலெழும்பும் முதல் சில நிமிடங்களில், அதன் எரிபொருள் தொட்டி அழுத்தம் நிறைந்து விம்மி நிற்கும்போது, தொட்டியின் சுவரைச் சூடாக்கி இளக்கிவிட்டால் போதும்; ஏவுகணை தன் அழுத்தத்திலேயே கிழிந்துவிடும்.

2010 பிப்ரவரி 11 அன்று கலிஃபோர்னியக் கடற்கரையை ஒட்டி, கடல் மேடையிலிருந்து கிளம்பிய பாலிஸ்டிக் ஏவுகணை ஒன்று அப்படியே கிழிந்தது. வரலாற்றில் அதற்கு முன் நடக்காத காரியம். ஆனால் தீர்ப்பு அதற்கு முந்தைய ஆண்டே எழுதப்பட்டுவிட்டது. ஈரானிலிருந்து கிளம்பும் ஏவுகணையைச் சுட வேண்டுமானால் இந்த விமானம் ஈரானின் எல்லைக்குள்ளேயே வட்டமிட வேண்டியிருக்கும் என்று பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். பாதுகாப்பான தூரத்தில் நின்று சுட லேசரின் ஆற்றல் 20 முதல் 30 மடங்கு கூட வேண்டும் என்பதும் அவர் கணக்கு. 500 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய திட்டம் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. விமானம் 2014-ல் அரிசோனாவில் உடைக்கப்பட்டது.

இந்தத் திட்டங்களின் துணைவிளைவாக வானியலுக்கு ஒரு சொத்து வாய்த்தது. அலையும் காற்றில் கற்றை சிதறாமல் இருக்க, காற்றின் நெளிவை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, அதற்கேற்பக் கண்ணாடியின் முகத்தையே வளைக்கும் நுட்பத்தைக் கிர்ட்லண்டில் ராபர்ட் ஃபூகேட் குழு 1980-களில் ரகசியமாக வளர்த்தது. அளப்பதற்கு வானில் லேசராலேயே ஒரு செயற்கை விண்மீனை உண்டாக்குவார்கள். 1991-ல் ரகசியம் நீக்கப்பட்டதும் வானியலாளர்கள் அதைக் கைப்பற்றினார்கள். இன்று பெரிய தொலைநோக்கிகள் பலவற்றிலிருந்து இரவில் கிளம்பும் மஞ்சள் கோடுகள் அந்த ஆயுத ஆய்வின் எச்சம்.

பட்டறையிலிருந்து வந்த லேசர்

கைவிடப்பட்ட திடப்பொருள் இதற்கிடையே வேறொரு வழியில் திரும்பி வந்தது. தடித்த கோலின் நடுவில் வெப்பம் சிக்கிக்கொள்கிறது என்றால், கோலை முடியளவு மெலிதாக்கிப் பல மீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டால் என்ன? இட்டெர்பியம் கலந்த கண்ணாடி இழையில் வெப்பத்துக்கு வெளியே வர நெடுந்தூரம் இல்லை. இழை முழுவதுமே மேற்பரப்புதான். ஃபிளாஷ் விளக்குக்குப் பதில் குறைகடத்தி டயோடுகள் ஒளியூட்டுவதால் உள்ளே போகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு லேசராக வெளிவரும். அலைநீளம் 1 மைக்ரானை ஒட்டியது. இதை வளர்த்தது எந்த ராணுவமும் இல்லை. தொலைபேசிக் கேபிள் தொழிலும், கார் ஆலைகளில் தகடு வெட்டி வெல்டிங் செய்யும் தொழிலும்தான் வளர்த்தன. ரஷ்ய இயற்பியலாளர் வாலன்டின் கபோன்ட்சேவ் 1990-ஐ ஒட்டித் தொடங்கிய ஐபிஜி நிறுவனம் கிலோவாட் கணக்கில் ஃபைபர் லேசர்களைச் சந்தையில் விற்றது.

அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் செய்தது எளிமையான காரியம். வெல்டிங் வேலைக்காக விற்ற 5.5 கிலோவாட் லேசர்கள் ஆறை வாங்கி, அவற்றின் கற்றைகளை ஒரே தொலைநோக்கி வழியே ஒரே புள்ளியில் விழ வைத்தார்கள். 2009-ல் சைனா லேக் திடலில் ஐந்து ஆளில்லா விமானங்கள் விழுந்தன. 2014-ல் லாஸ் என்ற அந்த 30 கிலோவாட் கருவி, 1971-ல் பணிக்கு வந்த பழைய கப்பலான பான்ஸின் மேல்தளத்தில் ஏறிப் பாரசீக வளைகுடாவுக்குப் போனது. இயக்குபவர் கையில் இருந்தது வீடியோ கேம் விளையாடப் பயன்படுவது போன்ற ஒரு கருவி. படகில் வைத்த இலக்குகளையும் சிறு ட்ரோனையும் அது எரித்தது. தேவைப்பட்டால் தற்காப்புக்குச் சுடலாம் என்ற அனுமதியும் கப்பல் தலைவருக்குக் கிடைத்தது. போர்க்கப்பலில் ஒரு லேசர் ஆயுதம் இப்படிப் பணியில் அமர்ந்தது அதுவே முதல்முறை.

ஒருமுறை சுட 59 சென்ட் ஆகும் என்று கடற்படை சொன்னது. பின்னாளில் இஸ்ரேல் 3.5 டாலர் என்றது. பிரிட்டன் 10 பவுண்டு என்றது. தென்கொரியா 2000 வோன் என்றது. இவை பொய்க் கணக்கு இல்லை. ஆனால் அரைக் கணக்கு. மின்சாரத்துக்கான டீசல் செலவு மட்டுமே இவற்றில் அடங்கும். லாஸை உருவாக்கிச் சோதிக்க ஆன 4 கோடி டாலர் எங்கேயும் சேர்க்கப்படவில்லை. ஏவுகணையின் விலையில் அதன் தொழிற்சாலைச் செலவும் லாபமும் அடங்கியிருக்கும். லேசரின் விலையில் அவை கண்மறைவாக இருக்கும்.

இந்தக் கணக்கைக் கேட்கப் படைகளுக்குக் காது திறந்தது ட்ரோனால். 2023 இறுதியில் செங்கடலில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள், சில பத்தாயிரம் டாலர் பெறும் ஹூதி ட்ரோன்கள் மீது 20 லட்சம் டாலர் பெறும் ஏவுகணைகளை வீச வேண்டியிருந்தது. அயர்ன் டோமின் தாமிர் ஏவுகணை ஒன்றுக்கே சுமார் 50,000 டாலர் ஆகிறது. ட்ரோன் மெதுவாகப் பறக்கும்; உடல் பிளாஸ்டிக்காலும் கலப்பு இழையாலும் ஆனது; 30 கிலோவாட்டே அதற்கு அதிகம். 40 ஆண்டுகளாக ஒலியை விஞ்சும் ஏவுகணைகளைக் குறிவைத்துச் சளைத்த லேசருக்கு அதன் அளவுக்கேற்ற எதிரி கடைசியில் அகப்பட்டான்.

கப்பலும் லாரியும்

ஆற்றல் மிகுந்த ஃபைபர் லேசரிலும் பழைய கேள்வி விடவில்லை. 100 கிலோவாட் கற்றைக்கு 300 கிலோவாட் மின்சாரம் உள்ளே போனால் 200 கிலோவாட் வெப்பம் மிஞ்சும். வீட்டுக்கு வாங்கும் ஒரு டன் ஏ.சி. வெளியேற்றுவது 3.5 கிலோவாட், அப்படியானால் 57 ஏ.சி.க்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். புகைபோக்கி வழியே வெப்பத்தை ஊதித் தள்ளிய வாயு லேசரின் வசதி இதற்கு இல்லை. கப்பலைச் சுற்றிக் கடல் இருக்கிறது. என்ஜின் அறையில் மின்சாரமும் இருக்கிறது. அதனால் லேசர் கப்பலில் எளிதாக வேரூன்றுகிறது. 2020 மே மாதம் போர்ட்லண்ட் என்ற அமெரிக்கக் கப்பல் 150 கிலோவாட் வகை லேசரால் பசிபிக் கடலில் ட்ரோன் ஒன்றை வீழ்த்தியது. 2024 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் திடலில் வான் இலக்குகளைச் சுட்ட பிரிட்டனின் டிராகன்ஃபயர் லேசரையும் போர்க்கப்பலில் ஏற்றத்தான் ஏற்பாடு நடக்கிறது.

தரையில் கதை வேறு. அமெரிக்கத் தரைப்படை 50 கிலோவாட் லேசரை ஸ்ட்ரைக்கர் கவச வண்டியில் திணித்து, 2024 தொடக்கத்தில் நான்கு வண்டிகளை மேற்காசியாவுக்கு அனுப்பிப் பார்த்தது. வெப்பத்தை வெளியேற்றுவது, அத்தனை மின்னணுக் கருவிகளை ஒரு வண்டிக்குள் அடக்குவது, கரடுமுரடான ஓட்டத்தில் ஏற்படும் தேய்மானம் மூன்றும் தொல்லை கொடுப்பதாகப் படையின் கொள்முதல் பொறுப்பிலிருந்த டக் புஷ் அந்த மே மாதம் நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். அசையாத இடத்தில் நிறுத்திய சிறு லேசர்களோ அதே வட்டாரத்தில் ட்ரோன்களை உண்மையாகவே வீழ்த்தின. ஆனால் எந்த லேசரானாலும் புழுதி கண்ணாடியில் படியும். படிந்த துகள் கற்றையின் வெப்பத்தை உறிஞ்சிக் கண்ணாடியையே பொசுக்கும். பாலைவனத்தில் ஆய்வகத் தூய்மை காப்பது எந்தப் படைவீரரின் பயிற்சியிலும் இதுவரை இருந்ததில்லை.

மற்ற நாடுகளும் இப்போது இந்த வரிசையில் நிற்கின்றன. சீனாவின் 'சைலண்ட் ஹண்டர்' சவுதி அரேபியா வரை விற்பனையானது. 2025 செப்டம்பர் 3 அணிவகுப்பில் பெய்ஜிங் கப்பல் லேசர் ஒன்றையும் ஊர்வலம் விட்டது. தென்கொரியா ஹன்வா நிறுவனத்தின் 20 கிலோவாட் கருவியை 2024-ல் படையில் சேர்க்கத் தொடங்கியது. இந்தியாவில் ஹைதராபாதிலுள்ள டி.ஆர்.டி.ஓ.வின் உயர் ஆற்றல் அமைப்புகள் மையம் இந்த வேலையை முன்னின்று செய்கிறது. 2017-ல் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் 1 கிலோவாட் லேசரை 250 மீட்டர் தூரத்துக்குச் சோதித்த நிலையிலிருந்து, 2025 ஏப்ரல் 13 அன்று ஆந்திரத்தின் கர்நூலில் வண்டியில் ஏற்றிய 30 கிலோவாட் வகை லேசரால் ஆளில்லா விமானத்தையும் கூட்டமாக வந்த ட்ரோன்களையும் வீழ்த்தும் நிலைக்கு அது வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கடற்கரையில் இரண்டு வகை ஏவுகணைகளோடு இந்த லேசரும் ஒரே வலையில் இணைக்கப்பட்டு, மூன்று இலக்குகளை ஒரே நேரத்தில் எதிர்கொண்டன.

தெல்லைக் கைவிட்ட இஸ்ரேல், ரஃபேல் நிறுவனத்தின் வழியாக மின்வகை லேசருக்குத் திரும்பியது. 'அயர்ன் பீம்' 2014-ல் சிங்கப்பூர் விமானக் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்டது. 2022 வசந்தத்தில் ட்ரோன், மோர்ட்டார், ராக்கெட், டாங்கி எதிர்ப்பு ஏவுகணை என்று நான்கு வகை இலக்குகளையும் வீழ்த்தியது. 2024 இலையுதிர்காலத்தில் ஹெஸ்பொல்லா அனுப்பிய டஜன்கணக்கான ட்ரோன்களை இதைவிடச் சிறிய லேசர்கள் போர்க்களத்திலேயே எரித்ததை அந்நாடு மறு ஆண்டு வெளியிட்டது. 100 கிலோவாட் வகை அயர்ன் பீமின் முதல் கருவி 2025 டிசம்பர் இறுதியில் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அது ஒரு நேரத்தில் ஒரே இலக்கைத்தான் சுடும். மேகமோ மூடுபனியோ சூழ்ந்த நாளில் பயன்படாது. அதனால் அயர்ன் டோமின் இடத்தை அது பிடிக்கவில்லை. அதே ரேடாரோடும் அதே கட்டுப்பாட்டு அறையோடும் இணைந்து நிற்கிறது. வரும் இலக்குக்கு லேசரா, ஏவுகணையா என்பதை அன்றைய வானிலையையும் இலக்கின் தூரத்தையும் பார்த்து அந்த அறை முடிவு செய்யும்.